இழுத்த இழுப்புக்கு

கத்தரிக்கோல் காதருகே வந்தபோதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"டேய், காதை விட்டுட்டு வெட்டு."

லிஃப்ட் மெக்கானிக்கான மகன் அப்படியே நின்றுவிட்டான். அப்பா அவனிடம் நேரடியாகப் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது.

மணி காலை ஆறே முக்கால். வெளியே விடியலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு மழை. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். புதுப் பனியன் அவருடைய தலையிலும் வலது கையிலும் ஏறிவிட்டு, அதற்கு மேல் நகரமாட்டேன் என்று நின்றது. இடது கை தூக்க வராது. தூக்காமல் பனியன் இறங்காது. அரை மணி நேரம் முட்டிமோதிய பிறகு மெக்கானிக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டான்.

நெஞ்சு நடுவில் நேராக வெட்டினான். வெட்டின ஓரம் இரண்டு பக்கமும் தானாகச் சுருள ஆரம்பித்து, சுருட்டி வைத்த பாய் மாதிரி அக்குளில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இதுக்கு வெறும் உடம்பே தேவல" என்றார் அப்பா. அதோடு வாயை மூடிக்கொண்டார். மெக்கானிக் ஒரு துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்திவிட்டு வேலைக்கு ஓடினான்.

ஊரிலுள்ள பெரிய கட்டடங்களின் லிஃப்டையெல்லாம் பழுது பார்ப்பவன், குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில். மூன்று மாதத்துக்கு முன் அந்தப் படிக்கட்டில்தான் அப்பா விழுந்து இடது தோளை உடைத்துக்கொண்டார். முதல் மாடித் திருப்பத்தில் பல்பு போயிருந்தது. நாளைக்கு மாற்றிவிடுகிறேன் என்று மெக்கானிக் மனைவியிடம் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா விழுந்த அன்று சாயங்காலமே மாற்றினான். அந்தப் பல்பைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அப்பா பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'செக்கர்' தான். மகனையும் அதே கம்பெனியில் சேர்த்துவிட்டார். மகன் ஆறே மாதத்தில் அதை உதறிவிட்டு லிஃப்ட் வேலைக்குப் போனான். அன்று தொடங்கிய மனத்தாங்கல் வருஷக்கணக்கில் புகைந்து, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய சண்டையாகி, பேச்சே நின்றுபோனது. அந்தச் சண்டை எதற்கு வந்தது என்பது இருவருக்குமே மறந்துவிட்டது. பேசக்கூடாது என்பது மட்டும் மறக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு", "பசிக்கலைன்னு சொல்லு" என்று மெக்கானிக்கின் மனைவி வழியாகத் தகவல் போய்வரும்.

அவளுக்கோ விடியற்காலை ஐந்தரைக்கே கம்பெனி வண்டி வந்துவிடும். திரும்பி வர சாயங்காலம் ஆகிவிடும். ஆகவே காலையில் அப்பாவுக்குச் சட்டை போட்டுவிடும் வேலை மெக்கானிக் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோதே சொல்லியிருந்தார்கள்: "பட்டன் சட்டை வேண்டாம், கையைப் பின்னாடி இழுக்க வேண்டியிருக்கும். நல்லா இழுபடுற துணியில ஏதாவது போட்டுவிடுங்க. தினம் பதினோரு மணிக்குப் பயிற்சி குடுக்க பிசியோ ஒருத்தங்க வீட்டுக்கே வருவாங்க."

பனியனை வெட்டிய அன்று சாயங்காலம் மெக்கானிக் அறிவித்தான்: "நானே தைக்கப்போறேன்."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "கடையில வாங்கிடலாமேங்க."

"நாலு வாங்கிப் பார்த்தாச்சு. தோள் சரியா இருந்தா கழுத்து பத்தல. கழுத்து சரியா இருந்தா உள்ள இன்னொருத்தரைக் குடிவைக்கலாம்."

"உங்களுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?"

"பன்னெண்டு மாடி லிஃப்டை ஒத்த ஆளா கழட்டி மாட்டுறவன் நான். இது ஒரு சட்டை."

அவள் தையல் மெஷின் மேல் குவிந்திருந்த துணிகளை வாரிக் கட்டிலில் போட்டாள். அதுதான் அனுமதி.

துணிக்கடையில் இருந்த அம்மா பொறுமைசாலி. பனியன் துணியை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். "இங்க பாருங்க தம்பி. இந்தப் பக்கம் நல்லா இழுபடுது, அந்தப் பக்கம் கம்மி. நல்லா இழுபடுற பக்கம் உடம்பைச் சுத்தி வர்ற மாதிரி வெட்டணும். அதுக்கு முன்னாடி அலசிக் காயப்போட்டுடுங்க, சுருங்கும். சாதா ஊசி ஆகாது. மொட்டை முனை ஊசி போடணும். நேர் தையல் போடவே போடாதீங்க…"

மெக்கானிக் தலையாட்டினான். ஆனால் காதில் போன் இருந்தது. எங்கோ ஒரு லிஃப்ட் நாலாவது மாடிக்குப் போகச் சொன்னால் ஏழாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா சொன்னதில் 'தம்பி' என்பது மட்டும்தான் முழுதாக அவன் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து, லிஃப்ட் குழியை அளக்கிற இரும்பு டேப்பை எடுத்து அப்பாவின் மார்பைச் சுற்றினான்.

"ஐஸா இருக்குடா."

"சாரிப்பா."

நாலு வருஷத்துக்குப் பிறகு சொன்ன 'அப்பா'. சொன்ன வாய்க்கே கூச்சமாக இருந்தது. மெக்கானிக் குனிந்து, எழுத ஒன்றும் இல்லாதபோதும் நோட்டில் எதையோ எழுதினான்.

"இடது கையை எவ்வளவு தூக்க முடியுது?"

அப்பா விரற்கடை அளவு தூக்கி, முகத்தைச் சுளித்து, இறக்கிவிட்டார். மெக்கானிக்குக் கண்ணுக்குள் அந்த இருட்டுப் படிக்கட்டு வந்து போனது.

முதல் சட்டையைச் சாதா ஊசியில், நேர் தையலில், ஒரே மூச்சில் தைத்து முடித்தான். பார்க்க நன்றாகவே இருந்தது. மறுநாள் காலை போட்டுவிட்டபோது அப்பா மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தார். பக்கவாட்டில் ஒரு 'பட்'. பிறகு 'பட், பட், பட்' என்று அக்குளிலிருந்து இடுப்புவரை தையல் முழுக்க விட்டுப்போனது. துணி இழுபட்டது, நூல் இழுபடவில்லை.

"மூச்சு விடாம இருந்தா நிக்குமா?" என்று கேட்டார் அப்பா.

மெக்கானிக் திரும்பவும் கடைக்குப் போனான். இந்த முறை போனைப் பையில் வைத்துவிட்டுக் கேட்டான். மொட்டை முனை ஊசி வாங்கினான். ஜிக்ஜாக் தையல் என்பதைக் கற்றுக்கொண்டான். தையல் வளைந்து வளைந்து போவதால் துணியோடு சேர்ந்து அதுவும் நீளும். இது அவனுக்குப் பிடித்திருந்தது. ஸ்பிரிங் தத்துவம்.

இரண்டாவது சட்டையில் தையல் கல் மாதிரி நின்றது. துணிதான் நிற்கவில்லை. இழுபடுகிற பக்கத்தை அவன் மேலும் கீழுமாக வைத்து வெட்டியிருந்தான். காலையில் இடுப்பளவு இருந்த சட்டை, மனைவி வேலை முடிந்து வந்தபோது நாற்காலியில் மடிந்து கிடந்தது. அவள் விரித்துப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க இது, மாமாவுக்கு நைட்டியா?"

"பாதி நாள்ல முட்டிக்கு வந்துடுச்சும்மா" என்றார் அப்பா, மிகவும் அமைதியாக. "அந்தப் பிசியோ பொண்ணுதான் கழட்டி வெச்சுது."

துவைத்தால் சரியாகும் என்று அதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தான் மெக்கானிக். சுருங்கியது. நீளத்தில் சுருங்கி, அகலத்தில் அகன்றது. மறுநாள் போட்டுவிட்டபோது தொப்புளுக்கு மேலே நின்றது. தோள் இரண்டும் முழங்கைவரை வழிந்தன. அப்பா சன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார்.

"முப்பது வருஷம் ஆயிரக்கணக்கான பேரைப் பஸ்ஸிலேர்ந்து இறக்கிவிட்டேன்" என்றார். "யாரையும் இந்தக் கோலத்துல பார்த்ததில்ல."

மெக்கானிக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் அவன் வேலைக்கு நாற்பது நிமிஷம் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட ஆரம்பித்திருந்தார்.

"விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி ஒரு நாள். "மேல துண்டு போர்த்திக்கிட்டே இருக்கட்டும். கை சரியாயிட்டா பழைய சட்டையே போட்டுக்கலாம்."

"எப்ப சரியாகுமாம்?" மெக்கானிக் அப்பாவின் பக்கம் திரும்பினான். இப்போதெல்லாம் மனைவியைத் தாண்டி நேராகக் கேட்டுவிடுகிற துணிச்சல் வந்திருந்தது. "அந்தப் பொண்ணு இன்னைக்கு வந்துதா?"

"வந்துது."

"என்ன சொல்லுது?"

"நாளாகும்னுது." அப்பா சன்னல் பக்கம் பார்த்தார். "துண்டு நழுவி நழுவி விழுதுடா. நீ இன்னொரு தடவ தைச்சுப் பாரு. போன தடவ தோள் அளவு தப்பா எடுத்துட்ட."

மறுபடி அளவெடுத்தான். இந்த முறை மனைவியின் துணி டேப். அப்பா சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்கின் கை அவர் கழுத்தைச் சுற்றி, தோளில் இறங்கி, முழங்கையில் நின்றது. கை இவ்வளவு இளைத்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டான்.

"ஏன்டா," என்றார் அப்பா, "அந்தக் கயிறு அறுந்தா லிஃப்ட் கீழ விழுந்துடுமா?"

"விழாதுப்பா. ஒரு கயிறு இல்ல, நாலஞ்சு இருக்கும். எல்லாம் அறுந்தாலும் பிரேக் கவ்விக்கும்."

"அந்தப் பிரேக்கை யாரு பார்ப்பா?"

"நான்தான்."

அப்பா மகனுடைய கையைப் பார்த்தார். பிறகு, "நல்ல வேலைதான்" என்றார்.

மெக்கானிக் அளவைக் குறிக்க மறந்துவிட்டான். திரும்பவும் முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அப்பா முணுமுணுக்கவில்லை.

மூன்றாவது சட்டையில் அவனாகவே ஒரு யோசனை செய்தான். இடது தோள் பக்கம் முழுவதும் திறந்து, டிச் பட்டன் வைத்துவிட்டால் கையைத் தூக்கவே வேண்டாம். ஆனால் மெஷினில் ஓடும்போது துணி நகரவில்லையே என்று பின்னாலிருந்து இழுத்துவிட்டான். இழுத்த இழுப்புக்கு வந்தது. வந்தது திரும்பப் போகவில்லை. தோளிலும் கீழ் ஓரத்திலும் அலை அலையாக நெளிந்து, அப்பா ஒரு மேசை விளக்கின் தொப்பியை உடுத்திக்கொண்ட மாதிரி இருந்தார். தும்மியபோது டிச் பட்டன்கள் வரிசையாகத் தெறித்தன. ஒவ்வொன்றும் போகும்போது தான் இருந்த இடத்துத் துணியையும் கையோடு கொண்டுபோனது.

துணிக்கடை அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "இழுக்கக் கூடாது தம்பி! துணி தானா போகணும். நகரலைன்னா அடியில மெல்லிசா ஒரு பேப்பர் வெச்சுத் தைங்க. அப்புறம் கிழிச்சு எடுத்துடலாம்."

மெல்லிசான பேப்பர் என்று அவர் சொன்னது வேறு. வீட்டில் இருந்தது செய்தித்தாள். நாலாவது சட்டை நெளியாமல் வந்தது. ஆனால் தையலுக்கு அடியில் மாட்டிய பேப்பர் பாதிக்கு மேல் வரமாட்டேன் என்றது. அப்பா அசைந்தால் சரசரத்தார். வேர்வையில் மை வேறு ஊறிவிட்டது. சாயங்காலம் மனைவி அவர் முதுகைத் துடைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"மாமா, முதுகுல என்னமோ எழுத்து பதிஞ்சிருக்கு."

"என்ன எழுத்தும்மா?"

இடவலம் மாறிப் பதிந்திருந்ததைக் கண்ணாடியில் காட்டிப் படித்தாள். "காலமானார்… மாலை நான்கு மணிக்கு…"

மழைத் தண்ணீர் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது.

"அது நான் இல்லம்மா" என்றார் அப்பா. "நாலரை ஆகுது, ஒண்ணும் ஆகலையே."

மெக்கானிக் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். இருட்டும்வரை தண்ணீர்த் தொட்டியின் அருகே நின்றுகொண்டிருந்தான். ஒரு பல்பை மாற்றச் சோம்பல்பட்டவன், ஒரு சட்டையைத் தைத்து அதை ஈடுகட்டப் பார்க்கிறான், அதுவும் வரவில்லை என்று தோன்றியது. கீழே வந்தபோது அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"நாளைக்குக் கழுத்து அளவு எடுக்கணும்னியே, இப்பவே எடுத்துடேன்" என்றார்.

தைக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஐந்தாவது சட்டையை மெக்கானிக் எல்லாம் தெரிந்தவனாகத் தைத்தான். துணியை அலசி, காயவைத்து, இழுபடும் பக்கத்தைச் சோதித்து, மொட்டை முனை ஊசி போட்டு, ஜிக்ஜாக்கில், சுண்டுவிரலால்கூட இழுக்காமல். கழுத்துப் பட்டியை மட்டும், அது துவளாமல் இருக்கக் கழுத்து அளவைவிடச் சற்றுக் குறைவாக வெட்ட வேண்டும் என்று கடை அம்மா சொல்லியிருந்தார். எவ்வளவு குறைவு என்று கேட்க மறந்துவிட்டான். மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தான்.

மறுநாள் காலை இடது கை சிரமமில்லாமல் நுழைந்தது. வலது கையும் நுழைந்தது. தலை நுழையப் போனது. நெற்றிவரை வந்து நின்றது.

"அப்பா, லேசா குனிங்க."

குனிந்தார். இன்னும் இறுகியது. இப்போது மூக்கு வரை மூடிவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"டேய்," என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது, "உன்னைத் தெரியலடா."

"அசையாதீங்க. மூச்சு வருதா?"

"இப்போதைக்கு வருது."

அப்போது போன் அலறியது. சூப்பர்வைசர்.

"எங்கய்யா இருக்க? ஒன்பதாவது மாடியில லிஃப்ட் நின்னுபோச்சு. ஆறு பேர் உள்ள மாட்டிக்கிட்டு இருக்காங்க!"

"சார், இங்கயும் ஒருத்தர் மாட்டிக்கிட்டு இருக்கார்."

"எந்த லிஃப்ட்ல?"

"சட்டையில சார்."

மெக்கானிக் போனைத் தரையில் வைத்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினான். அது கிடைக்கப் பத்து நிமிஷம். கழுத்துப் பட்டிக்கும் காதுக்கும் நடுவில் அதை நுழைக்க இன்னொரு பத்து நிமிஷம். வெட்டுப்பட்டதும் அப்பாவின் தலை ஒரு குலுக்கலில் வெளியே வந்தது. நரைமுடி நாலா பக்கமும் நட்டுக்கொண்டு நின்றது.

"போடா, போ. பாவம், அவங்க ஆறு பேரு. நான் ஒருத்தன்தானே" என்றார்.

மெக்கானிக் போய்ச் சேர்வதற்குள் வாட்ச்மேன் ஒரு கம்பியால் கதவை நெம்பி ஆறு பேரையும் இறக்கிவிட்டிருந்தார். ஆறு பேரில் ஒருவர் கட்டடத்தின் சொந்தக்காரர். சூப்பர்வைசர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு வாரம் வீட்டுலயே இரு" என்றார். "சட்டையை நல்லா தைச்சு முடி. அதுக்கப்புறம் உன்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு பேசலாம்."

மெக்கானிக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தான். தூறல் நிற்கவில்லை. நல்ல பகலில் வீட்டுக்குப் போகிறோம் என்பதே ஏதோ குற்றம் செய்த மாதிரி இருந்தது. வழியில் துணிக்கடையைக் கடந்தான், உள்ளே போகவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. மனைவியிடம் எப்படிச் சொல்வது, அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா, நாளைக் காலை அவருக்கு எதைப் போட்டுவிடுவது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, எதற்கும் விடை கிடைக்காமல் கட்டடத்துக்குள் நுழைந்தான்.

இரண்டாவது மாடிக்கு இன்னும் நாலு படி இருக்கும்போது மேலேயிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். வெள்ளைக் கோட்டு, தோளில் பை. பைக்குள்ளிருந்து பயிற்சிக்கான நீல ரப்பர் பட்டை எட்டிப் பார்த்தது. மணி பதினொன்றரை.

மெக்கானிக் பையைக் கீழே வைத்துவிட்டு வழியை மறித்துக்கொண்டான்.

"நீங்கதானே பிசியோ? நான் செக்கரோட பையன். இத்தனை நாளா உங்களைப் பார்க்க முடியல, இந்நேரம் வேலையில இருப்பேன்." "எனக்கு ஒரு உதவி பண்ணணும். இந்த வாரம் முழுக்க வீட்டுலதான் இருப்பேன். அப்பாவுக்கு என்ன பயிற்சியோ அதை எனக்குக் கத்துக்குடுங்க, ராத்திரி பகலா நானே செய்யவைக்கிறேன். அந்தக் கை கொஞ்சமாவது தூக்க வரணும்."

அந்தப் பெண் அவனையும் அவன் சட்டையில் ஒட்டியிருந்த நூல்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் மூணாவது மாடிக்கு வந்துட்டுப் போறேன் சார். உங்க அப்பாவுக்குப் பயிற்சியை நிறுத்தி மூணு வாரமாச்சு. ரெண்டு கையையும் தலைக்கு மேல நல்லா தூக்கிக் காட்டிட்டு, 'பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, அப்புறம் அளவெடுக்க வரமாட்டான்'னாரு."